ஏறும் பாணியைத் தீர்மானிப்பது யார்?

கேள்வி: ஆல்பைன் பாணிதான் (சிறு குழுவாக, குறைந்த சுமையோடு ஒரே மூச்சில் ஏறுவது) உயர்ந்தது, வழி நெடுக நிலையான கயிறு கட்டி ஏறுவது மட்டம் என்று மலையேற்ற இதழ்களில் படித்தே வளர்ந்தேன். இதை முடிவு செய்தது ஏறுபவர்களா, ஆசிரியர்களா?

பதில் 1: இரண்டு பேரும்தான். போல்ட் அடித்து (பாறையில் துளையிட்டு ஆணி பொருத்தி) ஏறுவதை ஒரு கட்டுரையில் சாடியவர் மலையேறி மெஸ்னர். அந்தக் கட்டுரை 1971-ல் ஆங்கில இதழில் வந்ததும் வாதம் நாடு தாண்டியது.

பதில் 2: சிறந்த மலை ஏற்றங்களுக்குத் தரும் பியோலே தோர் பரிசையும் பாருங்கள். அதைத் தொடங்கியதில் ஒரு பிரெஞ்சு இதழுக்குப் பங்குண்டு. 2004-ல் நேபாளத்தின் ஜன்னு சிகரத்து வடக்குச் சுவரை முற்றுகைப் பாணியில் (பெரிய குழுவாக, நிலையான கயிறு கட்டி) ஏறிய ரஷ்யக் குழுவுக்கு அதைக் கொடுத்தார்கள். ஒரே சண்டை! (எனக்கு அந்த ஏற்றம் பிடிக்கும், அது வேறு விஷயம்.) 2008-ல் விழாவே நடக்கவில்லை. 2009-ல் பாணிக்கு முதலிடம் தரும் புதிய சாசனத்தோடு திரும்பியது.

கேள்வி கேட்டவர்: சரி, இப்போது எல்லாம் வீடியோதானே?

பதில் 2: அங்கேதான் சிக்கல். ஆக்சிஜன், கயிறு, சுமை தூக்கியவர்கள் பற்றி நல்ல ஆசிரியர் கேட்டு வாங்கிப் போடுவார். வீடியோவில் அதையெல்லாம் வெட்டிவிடலாம்.