கோடையில் பார்க்க வேண்டிய செடிகள்: தருமபுரி, கிருஷ்ணகிரி அனுபவங்கள்

பென்னாகரத்துக்காரர்:
செடி பார்க்க விரும்புகிறவர்கள் மழை ஓய்ந்த பிறகுதான் காட்டுப் பக்கம் வருகிறார்கள். பங்குனி, சித்திரையில் வாருங்கள் என்பேன் நான். வறட்சியை ஒரு செடி எப்படித் தாங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

போன கோடையில் ஒகேனக்கல் போகிற வழியில் ஒரு மானாவாரிக் காட்டைச் சுற்றி முள்கிளுவை வேலி பார்த்தேன். பேருக்குக்கூட இலை இல்லை. கூட வந்தவர் பட்டுப்போச்சு என்றே முடிவுகட்டிவிட்டார். காகிதமாக உரிந்து தொங்கிய மேல்தோலை விலக்கி நகத்தால் லேசாகக் கீறிக் காட்டினேன். உள்ளே நல்ல பச்சை. இலையை உதிர்த்துவிட்டால் நீர் வெளியேறுவது வெகுவாகக் குறைகிறது. அந்த மாதங்களில் பட்டையில் இருக்கும் பச்சையமே ஓரளவு உணவு தயாரிக்கிறது. எத்தனை எளிய ஏற்பாடு!

அதே வேலியடியில் கள்ளிமுளையான். ஆடு மேய்க்கிறவர்கள் ஒடித்து அப்படியே மென்று தின்னும் சதைப்பற்றான தண்டு அது. பெரும்பாலான செடிகள் பகலில் திறக்கும் நுண்துளைகளை இது இரவில் திறக்கிறது. அப்போது இழுத்த கரியமில வாயுவை அமிலமாகச் சேர்த்து வைத்து, விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு வெயிலில் உணவாக்குகிறது. சதுரக்கள்ளிக்கும் இதே வழிதான்.

அஞ்செட்டிக்காரர்:
எங்கள் பக்கம் ஆச்சா மரத்தைப் பாருங்கள். இலைகள் இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும். அதன் கன்றுகள் கோடையில் தரையோடு கருகிவிடும். ஆனால் ஆணிவேர் உயிரோடு கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். மழை வந்ததும் மறுபடி துளிர்க்கும். சில வருடங்கள் இப்படியே போய், வேர் ஆழம் பிடித்த பிறகுதான் மேலே வளரும். கருகிய கன்றைச் செத்ததாக நினைத்து நிலத்தைக் கிளறிவிடுவதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

அரூர்க்காரர்:
தீர்த்தமலைப் பக்கம் பாறை இடுக்கில் மயில்சிகை பார்த்திருக்கிறேன். சின்ன விசிறி வடிவப் பெரணி. வெயிலில் சுருண்டு பழுப்பாகக் கிடந்தது, ஒரு கோடை மழைக்குப் பிறகு போனபோது பச்சையாக விரிந்திருந்தது. மருந்துக்கென்று வேரோடு பிடுங்குகிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

பென்னாகரத்துக்காரர்:
சரியாகச் சொன்னீர்கள். கிளுவை வேலியையும் பிடுங்கிவிட்டுக் கம்பி கட்டுகிறார்கள். கிளுவைக்குப் போத்து வெட்டி ஊன்றினாலே போதும், வேர் பிடித்துவிடும். வேண்டுகிறவர்கள் மழைக்கு முன்னால் சொல்லுங்கள், எங்கள் வேலியிலிருந்து வெட்டித் தருகிறேன்.