சுட்டி (லிங்க்) விதி ஆளுக்கு ஏற்றபடி மாறுமா?

வால்வுக்காரன்: நம் ரேடியோ மன்றத்தில், பழைய வால்வு ரேடியோவில் உறுமல் சத்தம் வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். மின்னோட்டத்தைச் சீராக்கும் பில்டர் கண்டென்சர்களை மாற்றச் சொன்னேன். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அவற்றில் மின்னேற்றம் தங்கியிருக்கும், வெறும் கையால் தொடாதீர்கள் என்று எச்சரித்தேன். கூடவே சர்க்யூட் படம் இருக்கும் பக்கத்தின் சுட்டி. மன்றத்தைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர்கள் மொத்தப் பதிவையும் தூக்கிவிட்டார்கள். "வெளிச்சுட்டிக்கு அனுமதியில்லை" என்பதுதான் விளக்கம். அதே உரையாடல் இழையில் மூத்த உறுப்பினர் போட்ட உதிரிபாகக் கடையின் சுட்டி மட்டும் அசையாமல் நிற்கிறது!

கத்தரிக்கோல்: வேறொரு மன்றத்தில் மட்டுறுத்துநராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன். எரிதம் (ஸ்பாம்) போடுகிறவர்கள் வந்த உடனே விளம்பரம் செய்வதில்லை. முதலில் பணிவாக ஒரு பதில். கொஞ்ச நாள் கழித்து அதையே திருத்திச் சூதாட்டத் தளத்தின் சுட்டியைச் செருகுவார்கள். ஆகவே பழகிய உறுப்பினருக்குச் சலுகை, புதியவருக்குக் கெடுபிடி. இது பாரபட்சம் ஆகாது. சுட்டிக்கு ஆயுளும் குறைவு. 2017இல் படங்களைச் சேமித்து வைக்கும் தளமான போட்டோபக்கெட் வெளித்தளங்களில் படம் காட்டுவதைக் கட்டணச் சேவையாக்கியபோது பொழுதுபோக்கு மன்றங்களில் எத்தனை செய்முறை விளக்கங்கள் படமில்லாமல் மொட்டையாகின!

வால்வுக்காரன்: அப்படியானால் பதிலைப் பதிவிலேயே எழுதச் சொல்லுங்கள். நான் எழுதித்தானே இருந்தேன்? சுட்டியை மட்டும் வெட்டியிருந்தால் மின்னதிர்ச்சி எச்சரிக்கையாவது மிஞ்சியிருக்கும்.

மூன்றாம்_அலைவரிசை: சலுகை கொடுக்கட்டும், அதை வெளிப்படையாகக் கொடுக்கட்டும். டிஸ்கோர்ஸ் என்ற மன்ற மென்பொருளில் நம்பிக்கைப் படிநிலைகள் உண்டு. அதன் இயல்பான அமைப்பில், புதிதாகச் சேர்ந்தவர் ஒரு பதிவில் இரண்டு சுட்டிகளுக்கு மேல் போட முடியாது. படி ஏற ஏறத் தடைகள் தளரும். இன்ன படிக்கு இன்ன உரிமை என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே படியும் தெரியவில்லை, கதவும் தெரியவில்லை. இன்னொன்று: உறுப்பினர் போடும் சுட்டிகளைத் தானாகவே தரகுச் சுட்டிகளாக (அதன்வழி யாராவது பொருள் வாங்கினால் தளத்துக்குக் கமிஷன் கிடைக்கும்) மாற்றும் சேவைகள் இருக்கின்றன, சில மன்றங்கள் அவற்றைப் பயன்படுத்துகின்றன. நம்முடையது அப்படியா, தெரியாது. ஆனால் கடைச் சுட்டி நிற்கிறது, இலவசச் சர்க்யூட் படம் போகிறது என்றால் சந்தேகம் வராமல் இருக்குமா?

கத்தரிக்கோல்: சந்தேகப்பட்டுக்கொண்டே இருங்கள். சர்க்யூட் படங்கள் அடங்கிய சர்வீஸ் கையேடுகளுக்குப் பதிப்புரிமை உண்டு என்பதை இருவரும் வசதியாக மறந்துவிட்டீர்கள். புகார் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் சம்பளமில்லாமல் உழைக்கும் மட்டுறுத்துநர். விதியை அங்குலம் அங்குலமாக எழுதி வைத்தால் அதன் ஓட்டையைத் தேடுகிறவன்தான் முதலில் படிப்பான்.

வால்வுக்காரன்: பதிப்புரிமைதான் காரணம் என்றால் அதைச் சொல்லியிருக்கலாமே? ஒப்புக்கொண்டிருப்பேன். அவர்கள் எழுதியது வேறு காரணம். அந்தக் காரணத்தின்படி கடைச் சுட்டியும் போயிருக்க வேண்டும். எரிதத்துக்குப் பயம் என்றால் பழைய பதிவைத் திருத்தக் கால வரம்பு வையுங்கள். பல மன்ற மென்பொருள்களில் அது ஒரு சிறிய அமைப்பு மாற்றம்.

கத்தரிக்கோல்: திருத்தக் கால வரம்பு சரி. நீக்கும்போது உண்மையான காரணத்தைத் தனிமடலில் சொல்வதும் சரி. நீக்கியவற்றின் பட்டியலைப் பொதுவில் வைக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு சண்டை வரும்.

மூன்றாம்_அலைவரிசை: வரட்டுமே. அதற்கென்று ஓர் இழை திறந்துவிடுங்கள். ரேடியோவைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டியதில்லை.