1951 ஷெவர்லே 3100 பிக்கப்: எந்த இன்லைன் சிக்ஸ் (ஒரே வரிசையில ஆறு சிலிண்டர்) இன்ஜின்?

கார்த்தி: மாமா, வண்டியோட பழைய 216 இன்ஜினை இறக்கிட்டு வேற இன்லைன் சிக்ஸ் ஏத்தறதா முடிவு. 235, 261, 292 மூணும் கிடைக்குது (நம்பர் எல்லாம் கன இஞ்ச் கொள்ளளவு). கியர் பாக்ஸையும் ஆக்சிலையும் தொடப் போறதில்ல.

சேகர் மாமா: அப்ப 292-ஐ விட்டுடு மாப்ள. இன்ஜினோட பின் மவுண்டே பெல் ஹவுசிங்லதான் (கிளட்சை மூடற கூடு) இருக்கு. 292-க்கு அந்த ஹவுசிங் பொருந்தாது. அதை மாத்தினா மவுண்ட், கிளட்ச் லிங்கேஜ், கியர் பாக்ஸ்னு வரிசையா மாத்தணும். டிரைவ் ஷாஃப்ட் ஆக்சிலோட சேர்ந்த டார்க் டியூப்ங்கற குழாய்க்குள்ள இருக்கறதால வேலை ஆக்சில் வரை போகும்.

பிரபு அண்ணா: ஆனா 292-ல மெயின் பேரிங் 7, 235-ல 4தான் மாமா. உழைப்புக்கு அதான்.

சேகர் மாமா: உழைப்புல சந்தேகமே இல்ல பிரபு. ஆக்சில் விகிதம் 4.11, அதாவது சக்கரம் ஒரு சுத்துக்கு ஷாஃப்ட் 4.11 சுத்து. 60 மைல் வேகத்துல எதை வச்சாலும் நிமிஷத்துக்கு 3000 சுத்துகிட்ட ஓடும். அதை 235 தாங்கும். 216-ல கனெக்டிங் ராடு பேரிங்குக்கு ஆயில் பிரஷர்ல போகாது, ராடு அடியில கரண்டி மாதிரி இருக்கற டிப்பர் அள்ளிக்கிட்டாதான் உண்டு. பேரிங்கும் பாபிட், அதாவது மென்மையான உலோகக் கலவை.

கார்த்தி: எல்லா 235-ம் ஃபுல் பிரஷரா, அதாவது ராடு பேரிங்குக்கும் ஆயில் பிரஷர்லயே போகுமா?

பிரபு அண்ணா: இல்லடா, 1954-லருந்துதான் எல்லாத்துலயும். விக்கறவர் சொல்ற வருஷத்தை நம்பாத. டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட பிளாக்ல அடிச்சிருக்கற நம்பரைப் படம் எடுத்துப் போடு. புஷ் ராடு சைடு கவர் ஸ்பார்க் பிளக்குக்குக் கீழயே முடிஞ்சா நல்லது.

சேகர் மாமா: நல்ல 261 கிடைச்சா அதான் என் முதல் தேர்வு. போர் (சிலிண்டர் விட்டம்) 3¾ இஞ்ச், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடற தூரம்) 235-ஓடதேதான். சிலிண்டர்கள் ஒட்டி வார்த்தது, அதனால பிளாக்ல நீராவி வெளியேற ஸ்டீம் ஹோல் இருக்கும். 235 ஹெட் ஏத்தறதா இருந்தா 261 கேஸ்கெட்டை வச்சு அளந்து, ஹெட்லயும் அதே இடத்துல துளை போடணும். இல்லன்னா நீராவி அங்கயே அடைஞ்சு சூடேறும்.

மீனா அக்கா: 1955-க்குப் பிந்தைய இன்ஜின்னா 216-ஓட முன் பிளேட்டைக் கழட்டி அதுக்கு மாட்டணும் கார்த்தி, நம்ம வண்டி முன் மவுண்ட் அந்த பிளேட்லதான். அதுக்கு டைமிங் கவரைக் கழட்டணும், ஆனா நெம்பிடாத! ரெண்டு ஸ்க்ரூ உள்பக்கத்துலருந்து வருது, ஆயில் பேனை இறக்கினாத்தான் தெரியும். கிராங்க் முன்முனையில இருக்கற டாம்பரைப் புல்லர் போட்டு எடு. லிஃப்டரை எடுத்துட்டு, கேம் கியர் துளை வழியா திரஸ்ட் பிளேட் (கேம் முன்னபின்ன நகராம பிடிக்கறது) போல்ட் ரெண்டையும் கழட்டி, கேமை கியரோட உருவு. திரும்பப் போடறப்ப டைமிங் மார்க் ரெண்டும் சேரணும். கவரை சென்டர் பண்ணாம டைட் வச்சா சீல் ஒழுகும்.

பிரபு அண்ணா: வாட்டர் பம்பும் அப்படித்தான், பழசையே போடணும். பிந்தைய பம்ப்ல ஃபேன் உயரத்துல உக்காரும். அடாப்டர் பிளேட் வச்சு 216 பம்பையே போடு. பெல்ட் அகலம் வேறபடும், புல்லியைப் பாத்துக்கோ. ஃபிளைவீல் 6 வோல்ட்டுக்கு 139 பல், 12 வோல்ட்டுக்கு 168. பழைய ஸ்டார்ட்டர்னா பழைய ஃபிளைவீல்தான், கலக்காத.

கார்த்தி: சரிண்ணா. நாளைக்கு 235 ஒண்ணும் 261 ஒண்ணும் பாக்கப் போறேன்.

சேகர் மாமா: கம்ப்ரெஷன் கேஜ் கொண்டு போ. குறைவா காட்டற சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாரு. ஏறினா ரிங், ஏறலைன்னா வால்வு இல்ல கேஸ்கெட். வால்வு சீட்டுக்கு நடுவுல ஹெட் விரிசல் விடும், கிராக் டெஸ்ட் பண்ணாம பணம் கொடுக்காத.