வீட்டில் வில்லுப்பாட்டுப் பதிவு: இன்டர்ஃபேஸில் இரண்டு மைக் உள்ளீடு போதுமா, நாலு வேண்டுமா?

வீசுகோல், தோவாளை:
மாமாவின் வில்லுப்பாட்டுக் குழுவை வீட்டிலேயே பதிவு செய்து யூடியூபில் போடலாம் என்று இருக்கிறோம். ஐந்து பேர். நடுவில் மாமா வில்லோடு, சுற்றி உடுக்கை, குடம், தாளம், கட்டை. கையில் விண்டோஸ் லேப்டாப்பும் இரண்டு டைனமிக் மைக்கும் இருக்கின்றன. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸுக்கு 15 ஆயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன், கூடக் கொஞ்சம் போட முடியும். இரண்டு உள்ளீடா, நாலா, இல்லை யுஎஸ்பி மிக்சரா? கோவில் கொடை விழா சீசனுக்கு முன்னால் முடிக்க வேண்டும்.

கொட்டாரம் கீபோர்டு:
தம்பி, இரண்டு போதும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 அல்லது பெரிங்கர் யுஎம்சி202எச்டி. சர்ச் பாடகர் குழுப் பாட்டுகளை நாங்கள் இப்படித்தான் எடுக்கிறோம். முதலில் மாமாவின் குரலும் உடுக்கையும். அப்புறம் அதைக் கேட்டுக்கொண்டே குடம், பிறகு தாளம், கட்டை. ஒவ்வொன்றும் தனி டிராக்கில் சுத்தமாக இருக்கும், பிசகினால் அதை மட்டும் திரும்ப எடுக்கலாம். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல மைக் வாங்குங்கள்.

மார்த்தாண்டம் சவுண்ட்:
இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. கொடைகளுக்கு மைக் செட் போடுகிறவன் நான். வில்லுப்பாட்டில் பாடுகிறவர் ஒரு அடி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட வேண்டும், அந்த ஆமாவைக் கேட்டுத்தான் அடுத்த அடியின் வேகமே தீர்மானமாகிறது. ஹெட்போனை மாட்டி ஒருவரை முன்னால் பாட வைத்து, மற்றவர்கள் பிறகு வந்து ஆமா போட்டால் அது என்ன கதை? ஐந்து பேரையும் ஒன்றாக உட்கார வையுங்கள். எட்டு சேனல் யுஎஸ்பி மிக்சர் வாங்கிவிட்டால் பிற்காலத்தில் கோவிலுக்கும் ஆகும்.

குளச்சல் கிட்டார்:
சேர்ந்து பாட வேண்டும் என்பதில் அண்ணாச்சி சொல்வதுதான் சரி. ஆனால் மிக்சரை யோசித்து வாங்க வேண்டும். விலை குறைந்த யுஎஸ்பி மிக்சர்களில் பெரும்பாலானவை எத்தனை மைக் செருகினாலும் கம்ப்யூட்டருக்கு இரண்டே டிராக்கைத்தான் அனுப்பும், எல்லாம் கலந்த ஸ்டீரியோவாக. மறுநாள் கேட்கும்போது உடுக்கை குரலை மூடியிருந்தால் அதை மட்டும் குறைக்க வழியில்லை. 'மல்டிடிராக்' என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் மட்டும் வாங்கலாம்.

என் ஓட்டு நாலு மைக் உள்ளீட்டுக்கு. பெயரில் உள்ள எண்ணைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். ஸ்கார்லெட் 4ஐ4 என்றால் நாலு மைக் போடலாம் என்று தோன்றும், அதில் மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி) இரண்டுதான், மற்ற இரண்டும் கீபோர்டு மாதிரிக் கருவிகளுக்கான லைன் உள்ளீடு. பெரிங்கர் யுஎம்சி404எச்டியில் நாலும் மைக் ப்ரீஆம்ப். அதற்குத் தனி அடாப்டர் வேண்டும், லேப்டாப் யுஎஸ்பி மட்டும் போதாது. கரண்ட் போனால் பதிவு நின்றுவிடும், அதற்கும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கொட்டாரம் கீபோர்டு:
நாலு உள்ளீடு வாங்கினால் இன்னும் இரண்டு மைக், நாலு ஸ்டாண்டு, கேபிள் எல்லாம் வேண்டும். செலவு எங்கே போய் நிற்கும்? அதோடு ஒரே அறையில் நாலு மைக் வைத்தால் குடத்தின் சத்தம் நாலிலும் விழும், ஒவ்வொன்றிலும் சற்றுச் சற்றுத் தள்ளி. கலக்கும்போது ஃபேஸ் அடிபட்டு, அதாவது ஒலி அலைகள் ஒன்றையொன்று குறைத்து, குரல் மெலிந்துவிடும். சேர்ந்துதான் பாட வேண்டும் என்றால் அதற்கும் இரண்டே போதும். நுணுக்கமாகப் பிடிக்கும் கண்டென்சர் மைக் இரண்டை ஒரே ஸ்டாண்டில் எக்ஸ்ஒய் முறையில் (தலைகள் ஒட்டி, குறுக்காகத் திரும்பியிருக்க) முன்னால் வையுங்கள், அவற்றுக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேன்டமைப் போடுங்கள். சத்தத்தை ஆட்களை நகர்த்திச் சரிசெய்யலாம். குடம் அதிகமா, ஒரு அடி பின்னால் போகட்டும்.

மார்த்தாண்டம் சவுண்ட்:
நம்மூர் வீட்டு ஹாலில் அது நடக்குமா? டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, வெறும் சுவர். முன்னால் தள்ளி வைத்த மைக் பாட்டை விட எதிரொலியைத்தான் அதிகம் பிடிக்கும். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை, இடையில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தோவாளைக்கு வராமலா இருக்கும்! அந்தச் சத்தமும் மைக்கில் விழும். டைனமிக் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் இதில் பாதிக்கு மேல் அடங்கிவிடும்.

குளச்சல் கிட்டார்:
ஃபேஸ் பற்றிக் கொட்டாரம் அண்ணன் சொல்வது உண்மை, ஆனால் அதற்கு வழி உண்டு. பாடுகிறவருக்கும் அவர் மைக்குக்கும் ஒரு அடி என்றால், அடுத்த மைக் மூன்று அடியாவது தள்ளி இருக்கட்டும். முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்கின் முதுகுப் பக்கம்தான் மிகக் குறைவாகக் கேட்கும், மாமாவின் மைக் முதுகை உடுக்கைக்குத் திருப்பி வையுங்கள். குரலுக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று, குடத்துக்கு ஒன்று, தாளத்துக்கும் கட்டைக்கும் பொதுவாக ஒன்று. ஆமா போடுகிறவர் குரல் அவர் பக்கத்து மைக்கிலேயே விழும்.

அமைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் ஆசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் ஆடியோ மென்பொருள்) போடுங்கள், விண்டோஸின் பொது டிரைவரை நம்பாதீர்கள். வீடியோவுக்கு என்பதால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை, 256 வைத்தால் ஒரு வழிக்குத் தாமதம் 5.3 மில்லிசெகண்ட், போய் வர 10-க்கு மேல் ஆகும். அடுக்கடுக்காக எடுப்பவர்களுக்குத்தான் அந்தத் தாமதம் தொல்லை, அவர்களுக்கும் கம்ப்யூட்டருக்குப் போகாமல் இன்டர்ஃபேஸிலிருந்தே கேட்கும் டைரக்ட் மானிட்டர் இருக்கிறது. ஐந்து பேரும் நேரில் கேட்டுப் பாடும்போது யாருக்கும் ஹெட்போனே வேண்டாம், பஃபரைத் தாராளமாகக் கூட்டுங்கள்.

கெயினை (மைக் சிக்னலைப் பெருக்கும் அளவை) தொடக்கத்தில் மெதுவாகப் பாடும் காப்புப் பாட்டில் வைத்துவிடாதீர்கள். சாமியை வரவழைக்கும் வரத்துப் பாடும் இடத்தை முதலில் பாடச் சொல்லி, அந்த உச்சத்தில் மீட்டர் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். 24 பிட்டில் குறைவாகப் பதிந்ததைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், அளவு மீறிக் கிளிப் ஆனதை மீட்க முடியாது. ம்ம்ம் என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் கோளாறு எர்த்தில்தான்.

வீசுகோல், தோவாளை:
மாமாவிடம் அடுக்கடுக்காகப் பாடுவதைக் கேட்டுப் பார்த்தேன். "ஆமா போட ஆளில்லாமல் நான் யாருக்குக் கதை சொல்ல?" என்றார். அதனால் நாலு உள்ளீடுதான். குறைகிற இரண்டு மைக்கைச் சம்பந்தி வீட்டில் இரவல் கேட்கப் போகிறேன்.

கொட்டாரம் கீபோர்டு:
மாமா அப்படிச் சொன்னால் சேர்ந்தே எடுங்கள். ஒரு மைக்காவது நல்ல மைக்காக வாங்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை, இரவலில் எது கிடைத்தாலும் சிறந்ததை மாமாவின் குரலுக்கு வையுங்கள். ஹாலில் ஜமுக்காளம் விரித்து, பின் சுவரில் கனமான போர்வை இரண்டைத் தொங்கவிடுங்கள்.

மார்த்தாண்டம் சவுண்ட்:
ஃபேனையும் நிறுத்திவிடுங்கள். குடத்து மைக்கைக் குடத்தின் வாய்க்கு நேர் மேலே வைக்காமல் ஒரு சாண் பக்கவாட்டில் வையுங்கள், தட்டும்போது வரும் காற்று நேராக மைக்கில் அடிக்காது.