தூர்வாரியும் வேளச்சேரியில் தண்ணி ஏன் வடியல?

வேளச்சேரிவாசி: 2015லயும் இடுப்பளவு, 2023 மிக்ஜாம் அப்பவும் இடுப்பளவு. மழை விட்டு மூணு நாளாகியும் வடியல. மாடியில உக்காந்து பார்த்தேன்; ஓட்டமே இல்ல, குளம் மாதிரி நிக்குது. வருஷா வருஷம் தூர்வாருறாங்களே, அப்புறம் ஏன்?

படகுக்காரன்: உங்க தண்ணி நேரா கடலுக்குப் போகாதுங்க. பள்ளிக்கரணை சதுப்புநிலம், அங்கிருந்து தண்ணி வெளியேறுற ஒக்கியம் மடுவுங்கிற வாய்க்கால், பக்கிங்காம் கால்வாய், அப்புறம் கோவளம் முகத்துவாரம். தெற்கே அவ்ளோ தூரம் சுத்தணும். அந்தக் கால்வாய் வெள்ளைக்காரன் காலத்துல படகு விட வெட்டினது, சரிவே கிடையாது. கடல் ஏறி நின்னா தண்ணி எங்க போகும்?

மழைக்காகிதம்: சதுப்புநிலத்தையும் சேர்த்துக்கோங்க. மழைத்தண்ணியைத் தாங்கி வச்சு மெதுவா விடுற இடம் அது. குப்பைமேடும் கட்டடமுமா சுருங்கிப்போச்சு. மிச்சம் இருக்குறது 2022ல ராம்சார்ங்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியல்ல வந்துச்சு.

வேளச்சேரிவாசி: அப்போ எங்க தெரு வடிகாலை மட்டும் சுரண்டி என்ன பிரயோஜனம்? ஒக்கியம் மடுவு அகலமானாதான் விடிவு போல. மனை வாங்குறப்போ "ஏரிப் பக்கம் சார், காத்து பிச்சுக்கும்"னு சொன்னாங்க. காத்து வருது, இல்லேன்னு சொல்லல.