காயடித்தால் உடம்பு வைக்குமா? உங்கள் அனுபவம் என்ன?

காயடித்த மாடு நன்றாக உடம்பு பிடிக்கும் என்று கேட்டே வளர்ந்தவன் நான். அதில் பாதிதான் உண்மை என்று இரண்டு கன்றுகள் காட்டிவிட்டன. ஒரே பொலிகாளைக்குப் பிறந்தவை, பத்து நாள்தான் வயது வித்தியாசம். ஒன்றுக்கு ஆறு மாதத்தில் மருத்துவர் மரப்பு ஊசி போட்டு, பர்டிசோ என்ற காயடிக்கும் இடுக்கியால், விரைக்குப் போகும் இரண்டு பக்க நாளத்தையும் தனித்தனியே நசுக்கினார். மற்றதை அப்படியே விட்டோம். இரண்டுக்கும் ஒரே அளவு தீவனம்.

ஒன்றரை வயதில் எடை போட்டால் காயடிக்காததுதான் கனம்! பார்வைக்கு உருண்டையாக இருந்தது என்னவோ காயடித்த எருதுதான். அப்புறம் கையை வைத்துப் பார்த்தேன். காளையின் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விரலுக்குத் தட்டுப்பட்டன. எருதுக்கு அழுத்தினால்தான் எலும்பே தெரிந்தது. வாலடியில் இரு பக்கமும் மெத்தென்று திண்டு வைத்தாற்போல் கொழுப்பு. கழுத்து மட்டும் பசுவுக்கு இருப்பதுபோல் மெலிசு.

மருத்துவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. புரதத்தைத் தசையாக்கத் தூண்டும் டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் விரையில்தான் சுரக்கிறது. அது நின்றால் தசை வளர்ச்சி மட்டுப்படும், மிஞ்சும் சக்தி கொழுப்பாகும். தசையில் முக்கால் பங்கு தண்ணீர். கொழுப்பில் அது குறைவு என்பதால், ஒரு கிலோ கொழுப்பு ஏற தீவனம் கூடுதலாகச் செலவாகும். ஒரே தீவனம் தின்றும் எருது எடையில் பின்தங்கியது அதனால்தான்.

*

நான் இறைச்சிப் பரிசோதனையில் இருந்தவன். கையில் தட்டுப்படுவது தோலுக்கடியில் உள்ளது மட்டும்தான். எருதைத் திறந்தால் சிறுநீரகமே தெரியாதபடி வெள்ளைக் கொழுப்பு மூடியிருக்கும். தசைக்குள்ளே மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடும். அதே வயதுக் காளையில் இரண்டும் குறைவு.

*

எங்களுடையது வேறு கதை. இரண்டு வயது தாண்டிக் காயடித்தோம். முதல் சில வாரம் வலியில் இளைத்துவிட்டது. ஏற்கெனவே தடித்த கழுத்து பிறகும் காளைக் கழுத்தாகவேதான் நின்றது. கொழுப்பு மட்டும் மெதுவாக ஏறியது. சரி, உங்கள் எருதுக்குத் தீவனத்தைக் குறைத்தீர்களா?

*

புல்லில் கை வைக்கவில்லை, தவிடு, புண்ணாக்கு போன்ற அடர்தீவனத்தை மட்டும் குறைத்தேன். வாலடித் திண்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. விலா இப்போதுதான் லேசாகக் கைக்கு வருகிறது.