அறுகம்பே கடலும் குமண சரணாலயமும்: ஜூனில் குடும்பத்தோடு 3 இரவு, எதை எந்த நேரத்தில் வைப்பது?

கேள்வி: மருதநிழல்

வணக்கம். ஜூன் மாதக் கடைசி வாரம் கொழும்பிலிருந்து வான் வண்டியில் வருகிறோம். அறுகம்பேயில் 3 இரவு தங்குகிறோம். பெரியவர்கள் 5 பேர், அதில் அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி இருக்கிறது. பிள்ளைகள் இருவர், 7 வயதும் 11 வயதும். கனடாவிலிருந்து வரும் தங்கச்சி குடும்பத்தில் 3 பேரும் எங்களோடு சேர்ந்துகொள்வார்கள்.

தெரிய வேண்டியவை: காலையில் குமண, பின்னேரம் கடல் என்று ஒரே நாளில் முடிக்கலாமா? பிள்ளைகள் எந்த இடத்தில் பயமில்லாமல் குளிக்கலாம்? எங்கள் வானிலேயே சரணாலயத்துக்குள் போகலாமா, ஜீப் கட்டாயமா? அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவது சரிவருமா?

பதில் 1: வில்லுக்கரை

ஜூன் நல்ல தேர்வு. குமண வில்லில் (சரணாலயத்துக்குள் உள்ள ஆழமில்லாத சதுப்புக் குளம்) பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம் ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து ஜூலை வரை. அறுகம்பேயில் அலைச்சறுக்குக் காலமும் அப்போதுதான் தொடங்கிச் சூடு பிடிக்கும். இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது மே, ஜூன், ஜூலை மட்டும். ஓகஸ்ட், செப்டெம்பரில் கடல் நன்றாக இருக்கும், ஆனால் உள்ளே குளங்கள் வற்றிப் பறவைகள் குறைந்துவிடும். நவம்பரிலிருந்து வடகீழ்ப் பருவமழை. கடல் குழம்பும், காட்டுப் பாதையும் சேறாகும்.

ஒரே நாளில் இரண்டையும் வைக்காதீர்கள். சரணாலய வாயில் உகந்தையில் இருக்கிறது. அறுகம்பேயிலிருந்து பாணமை ஏறக்குறைய 12 கிலோமீற்றர், அங்கிருந்து உகந்தை இன்னும் 16, 17. தூரம் குறைவுதான், ஆனால் பாணமை தாண்டினால் கிரவல் பாதை, வேகமாக ஓட முடியாது. 6 மணிக்கு வாயில் திறக்கும்போது நிற்க வேண்டுமென்றால் 4.45க்குப் புறப்பட வேண்டும். பிள்ளைகளை 4 மணிக்கு எழுப்பி, 5, 6 மணித்தியாலம் ஜீப்பில் குலுக்கி, மத்தியான வெயிலில் திரும்பக் கொண்டுவந்து கடலில் இறக்கினால் ஒருவரும் எதையும் அனுபவிக்க மாட்டார்கள். அந்த நேரம் காற்றும் எழுந்து கடல் கலங்கியிருக்கும்.

என் ஒழுங்கு இதுதான்: வந்த நாள் பின்னேரம் கரையில் சும்மா இருங்கள். அடுத்த நாள் காலை கடல். மூன்றாம் நாள் காலை குமண, பின்னேரம் முழுக்க ஓய்வு. நான்காம் நாள் புறப்பாடு. காட்டு நாளைக் கடைசி நாளில் வைத்து, அதே நாளில் கொழும்புக்கு ஓட நினைக்க வேண்டாம். சாரதிக்கு நித்திரை முக்கியம்.

பதில் 2: உகந்தைப் பாதை

வான் பற்றி: உள்ளே மணலும் பள்ளமும் உள்ள தடங்கள். தாழ்ந்த வண்டியின் அடி தட்டும், மணலில் சில்லு புதையும். புதைந்தால் இறங்கித் தள்ளவும் முடியாது, ஏனென்றால் அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்கும் வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது. ஜீப்பே எடுங்கள். அறுகம்பேயில் தங்குமிடத்திலேயே ஒழுங்குபடுத்தித் தருவார்கள். உங்கள் ஆட்தொகைக்கு இரண்டு ஜீப் வேண்டும், ஒன்றில் எல்லோரையும் நெருக்காதீர்கள். பேரம் பேசும்போது தெளிவாகக் கேட்க வேண்டியவை: சொன்ன தொகை ஜீப்புக்கா, ஆளுக்கா? நுழைவுக் கட்டணம் அதற்குள் அடங்குமா? எத்தனை மணிக்கு வந்து ஏற்றுவீர்கள்? வில்லு வரையும் ஆற்றங்கரை வரையும் போவீர்களா, அல்லது வாயிலுக்குப் பக்கத்துக் களப்புகளோடு திருப்பிவிடுவீர்களா? கடைசிக் கேள்வியைக் கேட்காதவர்கள்தான் "குமணயில் ஒன்றும் இல்லை" என்று எழுதுகிறார்கள்.

நுழைவுச்சீட்டில் ஆள் கட்டணம், சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி எல்லாம் தனித்தனியாகச் சேரும். வெளிநாட்டவருக்கான கட்டணம் உள்நாட்டவரை விடப் பல மடங்கு. ஆகவே எல்லோரும் அடையாள அட்டை கொண்டு போங்கள். தங்கச்சி வீட்டாருக்கு இலங்கைக் குடியுரிமையும் இருந்தால் இலங்கைக் கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ கையில் வைத்திருக்கட்டும். வாயிலில் நின்று வாதாடினால் காலை வெளிச்சம்தான் போகும்.

உள்ளே போகும் வழி: முதலில் திறந்த வெளிகளும் களப்புகளும் வரும். புள்ளிமான், காட்டெருமை, பன்றி, முதலை இங்கேயே தென்படும். யானை எங்கும் வரலாம். சிறுத்தை இருக்கிறது, ஆனால் அதை மட்டும் எதிர்பார்த்துப் போக வேண்டாம். யால தேசியப் பூங்காவில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்புகள் முண்டியடிக்கும் காட்சி இங்கே கிடையாது. அந்த அமைதிதான் குமணயின் பெறுமதி. ஜூனில் பாலைப்பழம் பழுக்கத் தொடங்குவதால் பாலை மரங்களின் கொப்புகளையும் பாருங்கள். கரடி அந்தப் பழத்துக்காக மரம் ஏறும்.

வில்லு ஏறக்குறைய 200 ஹெக்டேயர். கும்புக்கன் ஆற்றிலிருந்து ஒரு ஒடுங்கிய வாய்க்கால் வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. சுற்றிக் கண்டல் மரங்கள். கூடுகள் அந்த மரங்களிலும் கோரைப் பற்றைகளிலும்தான். மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம் எல்லாம் கலந்து நிற்கும். கறுப்புக் கழுத்து நாரை இலங்கையில் மிக அரிது. இந்தப் பக்கத்துக் களப்புகளில் அதைக் காணும் வாய்ப்பு உண்டு. கிட்டத்தட்ட ஆளின் நெஞ்சுயரம் நிற்கும் பெரிய பறவை, தனியாகவோ சோடியாகவோ இருக்கும். வில்லில் ஜீப்பை நிறுத்தி இயந்திரத்தை அணைக்கச் சொல்லுங்கள். அரை மணித்தியாலமாவது அசையாமல் இருந்தால்தான் எந்த மரத்தில் எது குஞ்சுக்கு இரை கொடுக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம். 8 மடங்கு தொலைநோக்கி போதும். 10 மடங்குக் கண்ணாடி ஜீப்பின் அசைவில் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெருக்கிக் காட்டும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒன்று: காலையில் கடல் பக்கம் பார்த்தால் சூரியன் நேரே முகத்தில். பறவைகள் கறுப்பு நிழலாகத்தான் விழும். போகும்போது தரைப் பக்கத்தைக் கவனியுங்கள், களப்புப் படங்களை வெயில் ஏறிய பிறகு திரும்பி வரும்போது எடுங்கள்.

பதில் 3: பொத்துவில் அலை

கடல் பற்றி நான் சொல்கிறேன். அறுகம்பேயின் முக்கிய அலைச்சறுக்கு இடமான மெயின் பொயின்ட் பிள்ளைகளுக்கு இல்லை. அங்கே அலை முனையைச் சுற்றி வலப்பக்கமாக நீளமாக உடைந்து ஓடுகிறது, அடியில் பாறை. தெரிந்தவர்கள் சறுக்குப் பலகையோடு வேகமாக வரும் பாதையில் தலை நீட்டினால் காயம் நிச்சயம். முனைக்கு உள்ளே, குடா வளையும் தெற்கு மூலையில் நீர் அமைதியாக இருக்கும். தென்மேற்கு அலையையும் காற்றையும் அந்த முனை தடுத்துக்கொள்கிறது. பேபி பொயின்ட் அங்கேதான், பழகுபவர்கள் சறுக்குவதும் அங்கேதான். ஆனால் மீன்பிடிப் படகுகள் அதே கரையில் ஏறி இறங்கும். படகு வரும் வழியை விட்டு விலகி, மணல் அடி தெரிகிற இடத்தில், இடுப்பளவு நீருக்குள் நிறுத்துங்கள்.

நேரம்: காலை 6.30 முதல் 9.30 வரை. அதற்குப் பிறகு காற்று எழும். கிழக்குக் கரை என்பதால் காலை வெயில் நேராக முகத்தில் விழும், பிள்ளைகளுக்குத் தொப்பியும் கைமூடிய சட்டையும் போடுங்கள். 4 மணிக்குப் பிறகு வெயில் முதுகுப் பக்கம் போய்விடும். அப்போது மணலில் விளையாட நல்லது.

எந்தக் கடற்கரையிலும் உள்ளே இழுக்கும் நீரோட்டத்தை அடையாளம் காணப் பழக்குங்கள்: இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், இருண்டு, நுரை கடல் பக்கம் போவதாகத் தெரியும். பார்வைக்கு அதுதான் அமைதியான இடம், அதனால்தான் ஆட்கள் அங்கே இறங்குகிறார்கள். அகப்பட்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி அலை உடையும் இடத்துக்கு வந்து, அலையோடு கரை சேர வேண்டும்.

11 வயதுப் பிள்ளைக்குப் பலகை பழக்க விருப்பமென்றால் நீளமான மென்பலகை எடுங்கள். முதல் நாள் ஒன்றரை மணித்தியாலம் போதும், அதற்கு மேல் தோள் சோர்ந்துவிடும். வயிற்றுத்தோல் உரசிப் புண்ணாகாமல் இறுக்கமான சட்டை வேண்டும்.

தெற்கே எலிபன்ட் றொக், குரொக்கடைல் றொக் பக்கம் போனால் கடலில் மட்டும் இறங்குங்கள். பின்னாலுள்ள களப்பு நீரில் முதலை இருக்கிறது. ஆழமில்லை என்று குறுக்கே நடந்து கடக்க வேண்டாம்.

மருதநிழல்

மிக்க நன்றி. ஜீப்பே எடுக்கிறோம். அம்மா பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? உகந்தை முருகனைக் கும்பிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. காட்டுக்குள் வராமல் கோவிலில் மட்டும் இருக்கலாமா?

பதில் 4: வில்லுக்கரை

கோவில் சரணாலய வாயிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது அக்கா, ஆகவே முடியும். முருகன் சந்நிதி கீழே, நடக்கச் சிரமமில்லை. வள்ளியம்மன் கோவிலும் சுனைகளும் பாறை மலைக்கு மேலே. முழங்கால் வலியோடு ஏற வேண்டாம், வெயில் ஏறினால் பாறை காலைச் சுடும். உங்கள் வானையும் பின்னால் வரச் சொன்னால், அம்மாவும் துணைக்கு ஒருவரும் கோவிலில் நிற்கலாம், மற்றவர்கள் ஜீப்பில் உள்ளே போகலாம். சாப்பாட்டுப் பையைக் குரங்கு பறிக்கும், மூடியே வையுங்கள்.

அம்மாவும் உள்ளே வர விரும்பினால் சாரதிக்குப் பக்கத்து ஆசனம் கொடுங்கள். பின்சில்லுக்கு மேலே உள்ள கடைசி வரிசைதான் ஆகக் கூடக் குலுங்கும். ஏறுவதற்குச் சிறிய பிளாஸ்ரிக் முக்காலி ஒன்று கொண்டு போங்கள். புறப்பட முன் வாயிலில் கழிப்பறைக்குப் போய்விடட்டும், உள்ளே நம்பிப் போக முடியாது.

குலுக்கமே வேண்டாம் என்றால் பொத்துவில் களப்பில் தோணிப் பயணம் இருக்கிறது. ஏறக்குறைய 2 மணித்தியாலம், உள்ளூர் மீனவர்கள் நீண்ட தடியால் ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார்கள், இயந்திரச் சத்தம் இல்லை. கண்டல் காடும் நீர்ப்பறவைகளும் பார்க்கலாம், சில வேளை கரையில் யானையும் நிற்கும். ஒரு தோணியில் இரண்டு மூன்று பேர்தான். உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்கிப் போடுங்கள்.

பதில் 5: நடைவழி

திகதியை உறுதி செய்ய முன் இந்த வருடக் கதிர்காம உற்சவக் கொடியேற்றத்தைப் பாருங்கள். அதற்கு முந்திய நாட்களில் பாதயாத்திரை அடியார்களுக்காக உகந்தைக் காட்டுவழியைத் திறப்பார்கள். அந்த நாட்களில் பாணமை தொடக்கம் கோவில் வரை ஆயிரக்கணக்கில் சனம். அம்மாவுக்கு அது பெரும் சந்தோஷமாக இருக்கும், ஆனால் பறவை பார்க்க ஏற்ற நாட்கள் அல்ல. வழியில் நடந்து போகிறவர்களைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள், புழுதி அவர்கள் முகத்தில்தான் விழும்.

பதில் 6: உகந்தைப் பாதை

ஒன்று விட்டுப்போனது. அறுகம்பே - பாணமை வீதியில் மாலை மங்கியதும் யானை வரும். பின்னேரச் சுற்று எடுத்து 6 மணிக்கு வாயிலை விட்டு வந்தால் அந்த நேரத்தில்தான் வீதியில் இருப்பீர்கள். அதனால்தான் பிள்ளைகளோடு காலைச் சுற்று என்று சொல்கிறோம். காலையிலும் 4.45க்கு இருட்டுத்தான், அதனால் இரண்டு ஜீப்பும் ஒன்றையொன்று விட்டுப் போகக் கூடாது. வானும் நடுவில் வரட்டும், முச்சக்கர வண்டி வேண்டாம். யானை வீதியில் நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹோன் அடிக்காதீர்கள், வெளிச்சத்தைத் தாழ்த்துங்கள், இயந்திரம் ஓடட்டும். காதை விரித்துத் தலையை உயர்த்தி உங்களைப் பார்த்தால் மெதுவாகப் பின்னுக்கு எடுங்கள். பழம் எறியாதீர்கள். உணவுக்குப் பழகிய யானைதான் அடுத்த வண்டியை மறிக்கிறது.

எரிபொருளைப் பொத்துவிலிலேயே நிரப்புங்கள், உகந்தையில் கிடைக்காது. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், காலைச் சாப்பாடு வாழையிலையில் கட்டியது, மூடிய சப்பாத்து. ஆற்றங்கரை மருதமர நிழலில் இறங்க விடுவார்கள். அங்கே கால் நனைக்காதீர்கள், முதலை. புல்லில் உட்கார்ந்தால் அறைக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி பாருங்கள்.